தலைவர்களுக்காக வேண்டுதல்: சங்கீதங்கள் காட்டும் நெறி

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இக்கட்டு நாளில் தலைவர்களுக்காக வேண்டுதல் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்துள்ளனர். நம்முள் தேவாலயம் செல்வோர் உளர். கோயில் செல்வோர் உளர். புத்தர் நெறியை ஏற்றோர் உளர். எங்கும் செல்லாதோரும் உளர். எனவே, எந்தச் சமயத்தையும் பரப்பும் நோக்கம் நமக்கு இல்லை. துன்பத்தில் உழன்ற ஒரு சிறிய இனம், தன் தலைவர்களை முன்னிறுத்தி எவ்வாறு வேண்டிற்று என்பதைச் சங்கீதங்களின் வழியே கண்டு, அதிலிருந்து நமக்குப் பயன்படுவதை எடுத்துக்கொள்வதே நம் நோக்கம்.

இப்பொருளைக் கேட்டவுடன் இளைஞர்கள் சிலர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினர். “தலைவர்களைத் தட்டிக் கேட்க வேண்டிய காலத்தில், அவர்களுக்காகக் கைகூப்பி வேண்டிக்கொண்டிருப்பது கோழைத்தனம் அன்றோ?” என்பதே அவ்வினா. நியாயமான வினா. வேண்டுதல் என்பது முகத்துதியாகவோ, வாய்மூடி இருப்பதற்கு ஒரு சாக்காகவோ இருக்குமானால், அது கோழைத்தனமே. ஆனால் சங்கீதங்கள் காட்டும் வேண்டுதல் அத்தகையது அன்று. தலைவனை ஏழையின் அளவுகோலால் அளந்து, அந்த அளவுக்கு அவன் உயரவேண்டும் என்று கேட்பதும், அவனுடைய இடரில் உடன் நிற்பதும், அவன் வழி தவறினால் முகத்துக்கு நேரே சொல்வதும் ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவ்வேண்டுதல்.

நம் தமிழ்ச் சொற்களே இதனை உணர்த்துகின்றன. கடவுளிடம் கேட்பதற்கும் விண்ணப்பம் என்கிறோம். கல்வி உதவித்தொகை கேட்டு அலுவலகத்துக்கு அனுப்புவதற்கும் விண்ணப்பம் என்கிறோம். மன்றாடுதல் என்னும் சொல்லில் மன்று இருக்கிறது. மன்று என்பது வழக்குரைக்கும் அவை. ஆகவே மன்றாடுபவன் மூலையில் முடங்கிப் புலம்புபவன் அல்லன். அவையில் எழுந்து தன் வழக்கை எடுத்துரைப்பவன். பள்ளியில் மாணவர் கொண்டுவரும் விண்ணப்பத்தில் யாருக்கு, என்ன, எதனால் என்ற மூன்றும் தெளிவாக இருக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவது வழக்கம். தலைவர்களுக்காகச் செய்யும் விண்ணப்பத்துக்கும் இந்த மூன்றும் வேண்டும்.

சங்கீதங்கள் மொத்தம் 150. கத்தோலிக்கத் திருச்சபையார் இவற்றைத் திருப்பாடல்கள் என்பர். ஐந்து பகுதிகளாகத் தொகுக்கப்பட்ட இப்பாடல்களுள் அரசரைப் பற்றியனவும் அரசருக்காக வேண்டுவனவும் சில உள. அவற்றுள் 20ஆம் சங்கீதம், நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு நேரே உரியது.

அரசன் போருக்குப் புறப்படும் வேளை அது. மக்கள் கூடி நிற்கின்றனர். இக்கட்டு நாளில் இறைவன் அவனுக்குச் செவிகொடுக்கவேண்டும், திருத்தலத்திலிருந்து துணை அனுப்பவேண்டும், அவன் எண்ணம் நிறைவேறவேண்டும் என்று அவனை முன்னிலைப்படுத்தியே வேண்டுகின்றனர். பின்னர் ஒரு தனிக் குரல், துணை வரும் என்று உறுதி கூறுகிறது. இறுதியில் அனைவரும் ஒருமுகமாக அரசனைக் காக்குமாறு இறைஞ்சுகின்றனர். ஒன்பதே வசனங்கள் கொண்ட சிறிய பாடல் இது.

இதில் நாம் கவனிக்கத்தக்கவை இரண்டு. முதலாவது, அந்த வேண்டுதலை அரசன் தன் காதாலேயே கேட்கிறான். தனக்கும் துணை வேண்டும், தானும் இடருக்கு உட்பட்ட மனிதனே என்பதை அவன் மக்கள் முன்னிலையில் அறிகிறான். இரண்டாவது, தேரையும் குதிரையையும் நம்புவோரிடமிருந்து அம்மக்கள் தங்களைப் பிரித்துக் காட்டுகின்றனர். அக்காலத்தில் தேரும் குதிரையுமே படைவலிமையின் உச்சம். அவ்வலிமை உடையவன் என்பதற்காக அவர்கள் தலைவனை ஏற்கவில்லை. தலைவனிடம் எதை நம்பலாம், எதை நம்பலாகாது என்பதை வேண்டுதலுக்குள்ளேயே வரையறுத்துவிட்டனர்.

அடுத்து 72ஆம் சங்கீதம். இது சாலொமோன் பெயரைத் தலைப்பில் தாங்கியது. அரசனுக்கு நீதியை அருளுமாறு கேட்டுத் தொடங்குகிறது. ஏன் நீதி? ஏழைகளுக்கு நியாயம் வழங்க, வறியோரின் பிள்ளைகளைக் காக்க, ஒடுக்குவோனை நொறுக்க. அறுப்புக்குப் பின் புல்வெளியில் பெய்யும் மழைபோல அவன் ஆட்சி இருக்கவேண்டும் என்கிறது. அவன் ஆட்சி கடல் முதல் கடல் வரை பரவவேண்டும், பிற நாட்டரசர்களும் அவனைப் பணியவேண்டும் என்று கேட்கும் அப்பாடல், உடனே காரணமும் கூறுகிறது. கூப்பிடும் எளியோனையும், உதவியற்றோனையும் அவன் விடுவிப்பான் என்பதே அக்காரணம். ஏழை சிந்தும் இரத்தத்தை அவன் மலிவாக எண்ணமாட்டான் என்பதும் உடன் வருகிறது. பெருமைக்கு உரிமை எளியோரைக் காப்பதிலிருந்தே பிறக்கிறது என்பது இதன் கருத்து.

இதற்கு அடுத்த வசனத்தில்தான் ஓர் அரிய செய்தி இருக்கிறது. அத்தகைய அரசனுக்காக இடைவிடாமல் வேண்டுதல் செய்யப்படும் என்று அப்பாடல் கூறுகிறது. எவனுடைய இரத்தம் மதிக்கப்பட்டதோ, அவனுடைய வாயிலிருந்தே தலைவனுக்கான வேண்டுதல் எழும் என்று நாம் இதனைப் பொருள்கொள்ளலாம். இதைவிடப் பெரிய அளவுகோல் வேறு என்ன வேண்டும்? சேரியில் விளக்கு எரிகிறதா, விடுதியில் பிள்ளைக்கு வயிறு நிறைகிறதா, சாக்கடைக் குழியில் இறங்கியவன் உயிரோடு வீடு திரும்புகிறானா என்று பார்த்தே ஒரு தலைவனை நாம் அளக்கவேண்டும்.

இனி, வரலாற்றின் மறுபக்கத்தையும் பார்ப்போம். அப்பாடலின் தலைப்பில் பெயர் பெற்ற சாலொமோன், இளமையில் செல்வத்தைக் கேளாமல் நியாயம் விசாரிக்கும் அறிவைக் கேட்டவன். ஆயினும் பிற்காலத்தில் அவன் 1,400 தேர்களையும் 12,000 குதிரை வீரர்களையும் சேர்த்தான் என்று இராஜாக்களின் புத்தகம் கூறுகிறது. ஆலயப் பணிக்கென 30,000 ஆட்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவர்களை அமஞ்சி ஆட்கள் என்கிறது. நம் பாட்டன்மார் அனுபவித்த வெட்டிவேலை நமக்கு நினைவில் இருப்பதால், அச்சொல்லின் சுமை நமக்கு எளிதில் விளங்கும்.

அவன் இறந்தபின் மக்கள் என்ன செய்தனர்? சீகேம் என்னும் ஊரில் கூடி, அவன் மகன் ரெகொபெயாமிடம் நேரே சென்று, தந்தை சுமத்திய நுகத்தை இலகுவாக்குமாறு விண்ணப்பித்தனர். மக்களுக்குப் பணியாளனாக இருந்தால் அவர்கள் என்றும் உன்னோடு இருப்பர் என்று முதியோர் அவனுக்கு அறிவுரை கூறினர். அவனோடு வளர்ந்த தோழர்களோ, இன்னும் கடுமையாகப் பேசு என்றனர். அவன் தோழர்களின் பேச்சையே கேட்டான். மூன்றாம் நாள் கடுமொழி கூறினான். நாடு இரண்டாக உடைந்தது. வேண்டுதல் பாடிய வாயே விண்ணப்பமும் எடுத்துச் செல்லவேண்டும் என்பதையும், அதைக் கேளாத தலைவன் எதை இழப்பான் என்பதையும் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறு இல்லை.

தாவீதின் வரலாறும் இத்தகையதே. பிறன் மனைவியைக் கவர்ந்து, அவள் கணவனைப் போர்முனையில் மடியச் செய்த தாவீதிடம் நாத்தான் என்னும் தீர்க்கர் சென்றார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வனின் கதையைச் சொன்னார். அரசன் சினந்து தீர்ப்புக் கூற, அந்த மனிதன் நீயே என்று உணர்த்தினார். அதன் பின் எழுந்த மனமாற்றத்தின் பாடலாகவே 51ஆம் சங்கீதத்தை மரபு போற்றுகிறது. கண்டித்துரைப்போர் அற்ற அரசன் பகைவர் இல்லாமலேயே கெடுவான் என்று நம் வள்ளுவரும் உணர்த்தியுள்ளார். தலைவனுக்காக வேண்டுவோன், தேவைப்பட்டால் நாத்தானாகவும் இருக்கவேண்டும்.

தலைவனாக இருப்பவனும் வேண்டவேண்டும். 101ஆம் சங்கீதம் ஓர் ஆட்சியாளனே எடுக்கும் உறுதிமொழி. தன் வீட்டுக்குள் நேர்மையோடு நடப்பேன், கோள் சொல்வோனை அருகில் வைக்கமாட்டேன், வஞ்சகனுக்கு என் வீட்டில் இடம் இல்லை என்று அவன் உறுதி கூறுகிறான். நாட்டைத் திருத்துமுன் தன் வீட்டையும் தன்னைச் சூழ்ந்தோரையும் திருத்திக்கொள்ளும் இந்த முறைமை, ஊராட்சித் தலைவருக்கும் பொருந்தும். நம் சங்கச் செயலாளருக்கும் பொருளாளருக்கும் பொருந்தும். பள்ளித் தலைமையாசிரியர்களாகிய நமக்கும் பொருந்தும்.

இவ்வாறெல்லாம் வேண்டக் கற்பிக்கும் அதே நூல், 146ஆம் சங்கீதத்தில் ஓர் எல்லைக்கோட்டையும் வரைகிறது. பிரபுக்களை நம்பி இருக்கவேண்டாம் என்கிறது. அவர்களின் மூச்சு நிற்கும் நாளிலேயே அவர்களின் திட்டங்களும் முடிந்துபோகும் என்கிறது. தலைவருக்காக வேண்டு, ஆனால் தலைவரை வேண்டாதே, அவரைத் தெய்வமாக்காதே என்பது இதன் சாரம்.

இந்த இடத்தில் நம் அண்ணல் அம்பேத்கர் நினைவுக்கு வருகிறார். 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், எவ்வளவு பெரிய மனிதராயினும் அவர் காலடியில் மக்கள் தங்கள் சுதந்திரத்தை வைத்துவிடலாகாது என்று அவர் எச்சரித்தார். சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் பக்தியும் தனிமனித வழிபாடும் வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்பது அவர் கருத்து. சங்கீதக்காரரும் சட்டமேதையும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே எல்லைக்கல்லை நட்டிருக்கின்றனர். தலைவர்களின் உருவப்படத்துக்குப் பாலூற்றும் இளைஞர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

இவை யாவும் பண்டைக் காலக் கதை, இக்காலத்துக்கு ஒவ்வுமா என்று ஐயுறுவோர்க்கு, நம்மைப் போன்றே ஒதுக்கிவைக்கப்பட்ட மற்றொரு மக்களின் வரலாற்றை எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி என்னும் நகரம். அங்குக் கறுப்பின மக்கள் பேருந்தில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டு எழவேண்டும் என்பது விதி. 1955 டிசம்பர் 1ஆம் நாள் ரோசா பார்க்ஸ் அம்மையார் எழ மறுத்துக் கைதானார். டிசம்பர் 5 முதல் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்தனர். அன்று மாலை ஹோல்ட் தெருத் தேவாலயத்தில் கூடிய பெருங்கூட்டத்தில் 34ஆம் சங்கீதம் வாசிக்கப்பட்டது என்று மார்ட்டின் லூதர் கிங் 1958இல் வெளிவந்த தம் நூலில் குறித்துள்ளார். கூப்பிட்ட எளியோனின் குரல் கேட்கப்பட்டதைப் பற்றியும், உள்ளம் உடைந்தோர்க்கு இறைவன் அருகில் இருப்பதைப் பற்றியும் பேசும் பாடல் அது. அன்றுதான் இயக்கத்தின் தலைவராகக் கிங் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

தலைமை ஏற்ற சில வாரங்களில் அவருக்கு இரவும் பகலும் கொலை மிரட்டல்கள் வந்தன. 1956 ஜனவரி இறுதியில் ஒரு நள்ளிரவில் அத்தகைய தொலைபேசி அழைப்பு ஒன்றுக்குப் பின் அவர் உறக்கம் இழந்தார். சமையலறை மேசையருகே தனியே அமர்ந்து, தம் துணிவு தீர்ந்துவிட்டதென்று வாய்விட்டுச் சொல்லி வேண்டினார். அதில் பெற்ற உள்ளுறுதியே பின்னர்த் தம்மைத் தாங்கிற்று என்பார் அவர். ஜனவரி 30ஆம் நாள் இரவு அவர் வீட்டின்மீது குண்டு வீசப்பட்டது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே இருந்தனர். நல்வாய்ப்பாக இருவருக்கும் ஊறு நேரவில்லை. வெகுண்டு திரண்ட மக்களிடம், ஆயுதம் வைத்திருப்போர் அவற்றை வீட்டுக்கு எடுத்துச் செல்லுமாறு அவர் கேட்டுக்கொண்டார்.

அந்நாட்களில் ஒரு திங்கட்கிழமை மாலை நடந்த கூட்டத்தில் கிங் உள்ளம் தளர்ந்தே பேசினார். ஆனால் வெளியே காட்டிக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்ததும் பொல்லார்ட் அம்மா என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட, எழுத்தறிவில்லாத ஏழை மூதாட்டி ஒருவர் அவரை அருகில் அழைத்தார். உனக்கு என்ன நேர்ந்தது, உன் பேச்சில் இன்று வலு இல்லையே என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கிங் மறைத்தபோதும் அவர் ஏமாறவில்லை. நாங்கள் உன்னோடு இருக்கிறோம். நாங்கள் இல்லாவிடினும் கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார் என்று அந்த மூதாட்டி தேற்றினார். தலைவருக்காக வேண்டுதல் என்பதன் முழுப் பொருளும் இந்நிகழ்ச்சியில் அடங்கிவிட்டது. அவர் தலைவரைப் புகழவில்லை. அவர் முகத்தைப் படித்தார்; குறையைச் சொன்னார்; உடன் நிற்பதாக உறுதி அளித்தார்.

வேண்டியவர்கள் கைகட்டி இருக்கவுமில்லை. சுமார் 300 கார்களைத் திரட்டித் தொழிலாளரை ஏற்றிச் சென்றனர். கார் கிடைக்காதவர் நடந்தனர். ஜார்ஜியா கில்மோர் என்னும் சமையற்பணிப் பெண், தோழியரைச் சேர்த்து உணவும் பலகாரமும் சமைத்து விற்று, வந்த பணத்தை இயக்கத்துக்கு அளித்தார். பணம் எங்கிருந்து வந்தது என்பது முதலாளிகளுக்குத் தெரிந்தால் பெண்களின் வேலை போய்விடும். ஆகையால் அக்குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதவர் குழு’ என்று பொருள்படும் பெயரை வைத்தனர். கூட்டங்களில் தங்களை எதிர்ப்போருக்காகவும் வேண்டினர். 381 நாட்கள் கடந்தன. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நடைமுறைக்கு வந்து, 1956 டிசம்பர் 21ஆம் நாள் அவர்கள் சமமாக அமர்ந்து பேருந்தில் சென்றனர். தேரும் குதிரையும் நகராட்சியின் பக்கம் இருந்தன. நடந்த கால்கள் வென்றன.

இதே கிங் 1959இல் இந்தியா வந்தார். கேரளத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் பெரும்பான்மையாகப் பயின்ற ஒரு பள்ளியில், அதன் தலைவர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று மாணவர்க்கு அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்ததாகவும், பின்னர் அது உண்மையே என்று உணர்ந்ததாகவும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் கிங் நினைவுகூர்ந்தார். ஆகவே மான்ட்கோமரியின் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று.

நம் நாட்டிலும் இக்கட்டில் இருக்கும் தலைவர்கள் உளர். 1992இல் இயற்றப்பட்ட 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் நம் மக்களுக்குத் தலைமை இடங்களை ஒதுக்கிற்று. ஆனால் நாற்காலி கிடைத்த இடமெல்லாம் அதில் அமரும் உரிமை கிடைத்துவிடவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தனி ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தில் திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடன் மேலும் ஐவர் உயிரிழந்தனர். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில் பல்லாண்டு தடைப்பட்ட தேர்தல் 2006இல்தான் நடந்தேறிற்று.

இக்கட்டு நாள் என்று சங்கீதம் கூறுவது இத்தகைய நாளையே. நாம் பெரிய தலைவர்களுக்காக வேண்டுகிறோம், அது தகும். ஆனால் கொடியேற்றத் தடுக்கப்படும் ஊராட்சித் தலைவி, நாற்காலி மறுக்கப்படும் வார்டு உறுப்பினர், புகார் எழுதியதால் மிரட்டப்படும் இளைஞர் ஆகியோரின் பெயர்கள் நம் வேண்டுதலில் முதலில் வரவேண்டும். முருகேசன் தனியாக மடியவில்லை. துணையாகச் சென்றோரும் உடன் மடிந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அத்தகைய துணையை உயிர்ப்பலி இன்றி அளிக்கவே நமக்குச் சட்டமும் சங்கமும் வேண்டும். ஊராட்சிக் கூட்டத்துக்கு அவர்களோடு பத்துப் பேர் செல்வதும், மனுவைப் பிழையின்றி எழுதிக் கொடுப்பதும், ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துவதும் வேண்டுதலின் பகுதிகளே.

இளைஞர்களே! வேண்டும் பழக்கம் உடையோர் வீட்டில் இவர்களைப் பெயர் சொல்லி நினையுங்கள். அப்பழக்கம் இல்லாதோர் அவர்களைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். இரண்டும் ஒரு திசையிலேயே செல்லும். தலைவர் நல்லது செய்தால் நேரில் சென்று பாராட்டுங்கள். தவறு செய்தால் புறம்பேசாமல் நேரில் சென்று சொல்லுங்கள். சங்கத்தின் கணக்கைக் கேளுங்கள். கேட்பது அவமதிப்பு அன்று, அதுவே மன்றாட்டு. நாளை நீங்கள் தலைவர்களானால், அந்த மூதாட்டியைப் போன்ற ஒருவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் குறை சொல்லும்போது, சற்று நின்று கேளுங்கள்.

இந்தச் சங்கத்துக்குக் கடந்த 25 ஆண்டுகளில் கைப்பிடி அரிசியும் சிறு காசும் கொடுத்துத் தாங்கிய தாய்மார்களின் வேண்டுதல், தம் பிள்ளைகள் படிக்கவேண்டும் என்பது ஒன்றே. அவ்வேண்டுதல்தான் இந்த மேடையில் நிற்போர் அனைவரையும் அளக்கும் கோல். அந்த அளவுக்கு நம் தலைவர்கள் உயர்க! அவர்களோடு நாமும் உயர்வோமாக!

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!